கடல் தாண்டும் செய்முறை: மதுரையிலிருந்து வெளிநாட்டு உறவுகளுக்குச் சின்னத் தொகை அனுப்புவது எப்படி?

கேள்வி இதுதான்: சிங்கப்பூரில் இருக்கும் பேத்தியின் பிறந்தநாளுக்கு ஐயாயிரம், துபாயில் இருக்கும் அக்கா மகன் கல்யாணத்துக்குச் செய்முறை (மொய்ப் பணம்), லண்டனில் படிக்கிற பையனுக்குப் பொங்கல் காசு. மதுரையில் இருந்துகொண்டு இப்படிச் சின்னச் சின்னத் தொகைகளை முறையாக அனுப்ப வழி உண்டா? அனுப்பினால் எவ்வளவு போய்ச் சேரும்?

வழி உண்டு. சட்டம் தடுக்கவில்லை. தொகை சின்னதாக இருப்பதுதான் சிக்கல்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். இந்தியாவில் குடியிருக்கும் எவரும், வயது வராத பிள்ளைகள் உட்பட, ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ரிசர்வ் வங்கியின் இந்தத் திட்டத்தை வங்கிகளில் எல்ஆர்எஸ் என்பார்கள். 2004-ல் 25,000 டாலர் வரம்போடு தொடங்கியது, 2015 முதல் இன்றைய வரம்பு. பரிசு, உறவினர் பராமரிப்பு, படிப்பு, மருத்துவம், சுற்றுலா, முதலீடு எல்லாம் இந்த ஒரே வரம்புக்குள் அடக்கம். தொகை எவ்வளவு சின்னதானாலும் பான் எண் கட்டாயம். ஐயாயிரம் ரூபாய்க்குப் பானா என்று கவுண்ட்டரில் சண்டை போட்டுப் பயனில்லை.

அடுத்து, எங்கே போவது? பலர் முதலில் தவறுவது இங்கேதான். வெளிநாட்டுப் பணப் பரிமாற்ற நிறுவனத்தின் மஞ்சள் பலகை மாட்டிய கடைகள் மேலூரிலும் உசிலம்பட்டியிலும்கூட உண்டு. ஆனால் அவற்றுக்கு உள்ள அனுமதி வெளியிலிருந்து வரும் பணத்தைக் கொடுப்பதற்கு மட்டுமே. இங்கிருந்து அனுப்ப முடியாது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் பெரும்பாலான கூட்டுறவு வங்கிக் கணக்குகளிலிருந்தும் நேரடியாக அனுப்ப முடியாது. அங்கே பணம் வைத்திருப்பவர்கள், தங்கள் பெயரிலேயே வேறொரு வணிக வங்கியில் உள்ள கணக்குக்கு நெஃப்ட்டில் மாற்றிக்கொண்டு அங்கிருந்து அனுப்ப வேண்டும். 'தங்கள் பெயரிலேயே' என்பதுதான் முக்கியம். அப்பா பெயரில் அனுப்பும் பரிசை மகன் கணக்கிலிருந்து கழிக்க வங்கி ஒப்பாது.

நாணயம் மாற்றும் கடைகளும் அனுப்பித் தருவதாகச் சொல்லும். பயணச் செலவு, படிப்புக் கட்டணம் போன்றவற்றுக்கு அவற்றில் சிலவற்றுக்கு நேரடி அனுமதி உண்டு. பரிசுப் பணம் என்றால் பின்னால் ஒரு வங்கியை வைத்துத்தான் அனுப்புவார்கள். அதில் தப்பில்லை, ரேட் சில நேரம் வங்கியைவிட நன்றாகவே இருக்கும். ரசீதில் எந்த வங்கி வழியாகப் போகிறது என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி வெட்டுப்படும் கணக்கு. டாலரின் சந்தை விலை 90 ரூபாய், வங்கி உங்களுக்கு விற்கும் விலை 92 என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 100 டாலர் அனுப்ப 9,200 ரூபாய். வங்கியின் கட்டணம் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90. நாணயம் மாற்றியதற்குத் தனியாக ஒரு ஜிஎஸ்டி 45. ஆக உங்கள் கணக்கிலிருந்து போவது 9,835. நடுவில் நிற்கும் வெளிநாட்டு வங்கி (இனி நடுவங்கி) 15 டாலர் எடுத்துக்கொண்டால் பேரன் கையில் 85 டாலர், அதாவது சந்தை விலையில் 7,650 ரூபாய். நூறு ரூபாய்க்கு இருபத்திரண்டு ரூபாய் வழியிலேயே போய்விட்டது. அதே வங்கியில் 600 டாலரை ஒரே தடவையாக அனுப்பினால் உங்களுக்கு ஆவது 55,889, அங்கே சேர்வது 585 டாலர், சேதாரம் ஆறு சதவீதத்துக்கும் குறைவு. வங்கிக்கு வங்கி எண்கள் மாறும், கணக்கின் போக்கு மாறாது. கட்டணம் தொகையைப் பார்த்து வருவதில்லை, தடவையைப் பார்த்து வருகிறது.

அந்த 45 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்குவதில்லை. நாணய மாற்றுக்கு, ஒரு லட்சம் ரூபாய் வரை, தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக வைத்து அதன்மேல் 18 சதவீதம் போடுவார்கள். அந்த மதிப்பு 250 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று விதி. அதனால் 2,000 அனுப்பினாலும் 25,000 அனுப்பினாலும் இந்த வரி 45 ரூபாய்தான். ஒரு லட்சத்துக்கு 180.

மறைந்திருக்கும் பெரிய செலவு ரேட்டில்தான். வங்கிப் பலகையில் ஒரே நாணயத்துக்கு நாலைந்து விலை எழுதியிருக்கும். கணக்கு வழியாக அனுப்புவதற்கு உரியது 'டிடி செல்லிங்' (ஆங்கிலத்தில் TT, டிமாண்ட் டிராஃப்ட் அல்ல). நோட்டாக வாங்குவதற்கு உரிய 'கரன்சி செல்லிங்' அதைவிட அதிகம். கட்டணமே இல்லை என்று விளம்பரம் செய்யும் சேவைகளில் இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "எல்லாம் சேர்த்து என் கணக்கில் எத்தனை ரூபாய் கழியும், அங்கே எத்தனை டாலர் ஏறும்?" இரண்டு எண்ணையும் வாங்கி ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் உண்மையான ரேட் வந்துவிடும். பெரும்பாலும் கிளையில் போய் எழுதிக்கொடுப்பதைவிட அதே வங்கியின் செயலியில் கட்டணம் குறைவாக இருக்கும். ஐசிஐசிஐயின் மனி2வேர்ல்ட், எச்டிஎஃப்சியின் ரெமிட்நவ் போன்றவை இதற்கென்றே உள்ளவை.

நடுவங்கி வெட்டு யார் தலையில் விழும் என்பதைப் படிவத்தில் நீங்களே தேர்வு செய்யலாம். மூன்று எழுத்துக் குறியீடுகள் மூன்று இருக்கும். 'அவர்' என்று உச்சரிக்கும் ஓ.யு.ஆர். போட்டால் எல்லாக் கட்டணமும் உங்களுடையது, அங்கே முழுத்தொகை ஏறும். எஸ்.எச்.ஏ. என்றால் இங்குள்ள கட்டணம் உங்களுக்கு, வழியில் வெட்டுவது பெறுபவருக்கு. பி.இ.என். என்றால் எல்லாமே பெறுபவர் தலையில். ஒன்றும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் நடுவில் உள்ளதைப் போட்டுவிடுவார்கள். நம்மூர் வழக்கப்படி 101, 501 என்று ஒற்றையில் முடித்து அனுப்புகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 101 டாலர் மொய் 86 ஆக இறங்கினால் மொய் நோட்டில் எதை எழுதுவது? செய்முறைப் பணம் என்றால் முதல் முறையையே கேட்டு வாங்குங்கள், கூடுதலாகச் சில நூறு ரூபாய் ஆகும். அப்போதும் அமெரிக்காவில் சில வங்கிகள், வரும் பணத்துக்கென்று தங்கள் பங்குக்கு ஒரு கட்டணம் எடுத்துக்கொள்ளும். அதை இங்கிருந்து தடுக்க முடியாது.

ஆகவே பத்தாயிரத்துக்குக் குறைந்த தொகை என்றால், டாலராக மாற்றி அனுப்பும் முன் வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி சிங்கப்பூருக்கு மட்டும். நம் யுபிஐயையும் அவர்களுடைய பேநவ்வையும் 2023 பிப்ரவரி 21 அன்று இணைத்தார்கள். இந்தியப் பக்கத்தில் அனுப்பும் வசதியோடு தொடங்கிய வங்கிகள் நான்கு: ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐசிஐசிஐ. நான்குக்குமே மதுரை வட்டாரத்தில் கிளைகளுக்குப் பஞ்சமில்லை, இரண்டு நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை. ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை, அன்றைய கணக்கில் சுமார் ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி. நோக்கம் இரண்டுதான்: பரிசு அல்லது வெளிநாட்டிலுள்ள உறவினர் பராமரிப்பு. பேத்தியின் பிறந்தநாளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. பெறுபவரின் சிங்கப்பூர்க் கைபேசி எண் பேநவ்வில் பதிவாகியிருக்க வேண்டும். சிங்கப்பூர்ப் பக்கத்தில் இது டிபிஎஸ் வங்கி, லிக்விட் குரூப் இரண்டோடும்தான் தொடங்கியது. அதனால் எண்ணை வாங்கும்போதே "எந்த வங்கி?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் ஏறுமுன் திரையில் பெறுபவரின் பெயர் வரும், அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ரகசிய எண்ணைப் போட வேண்டும். எல்லா யுபிஐ செயலியிலும் இது வராது, வங்கியின் சொந்தச் செயலியில்தான் தேட வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். யுபிஐ துபாயில் இருக்கிறது, இலங்கையில் இருக்கிறது, பிரான்ஸில் இருக்கிறது என்ற செய்திகளைப் பார்த்துவிட்டு அங்குள்ள உறவுக்கு ஜிபேயில் அனுப்ப முயல்கிறவர்கள் உண்டு. அந்த நாடுகளில் இருப்பது, இங்கிருந்து பயணம் போனவர் கடையில் கியூஆர் ஸ்கேன் செய்து பணம் கொடுக்கும் வசதி. ஆளுக்கு ஆள் அனுப்புவது வேறு.

இரண்டாவது வழி, ரூபாயை ரூபாயாகவே கொடுப்பது. வெளிநாட்டில் இருப்பவருக்கு இங்கே என்ஆர்ஓ கணக்கு (வெளிநாடுவாழ் இந்தியர் தன் உள்ளூர் ரூபாய் வரவுக்கு வைத்திருப்பது) இருந்தால் அதில் போட்டுவிடலாம். நாணய மாற்று இல்லை, நடுவங்கி இல்லை, செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம். மகனுக்கு இங்கே வீட்டுக்கடன் தவணையோ எல்ஐசி பிரீமியமோ ஓடுகிறது என்றால் அந்த மாதத் தவணையை நீங்கள் நிரப்பினாலே அதுவும் பரிசுதான். கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, என்ஆர்ஓ வேறு, என்ஆர்இ வேறு. என்ஆர்இ என்பது வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கான கணக்கு, அதில் வெளிநாட்டிலிருந்து வந்த பணம், வேறொரு என்ஆர்இ கணக்கின் பணம் போன்றவைதான் ஏற வேண்டும். உள்ளூர் அப்பா அதில் பரிசு போட முடியாது, போட்டால் திரும்பும் அல்லது மகனுக்கு வங்கியிலிருந்து கேள்வி வரும். இரண்டு, வெளிநாடு போய்ப் பல வருஷம் ஆகியும் பழைய சாதாரணச் சேமிப்புக் கணக்கையே வைத்திருப்பவர்கள் அதை என்ஆர்ஓவாக மாற்றியிருக்க வேண்டும். மாற்றாத கணக்கில் போட்டுக்கொண்டே இருப்பது சிக்கலை வளர்ப்பது. மூன்று, ரூபாய்ப் பரிசை எல்லா உறவுக்கும் இப்படிக் கொடுக்க முடியாது. அதைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது வழி, பணத்தை அனுப்பாமல் பொருளை வாங்கிக் கொடுப்பது. இரண்டாயிரம், மூவாயிரத்துக்குப் பரிசு என்றால், அந்த ஊர்க் கடையின் இணையதளத்தில் உங்கள் விசா அல்லது மாஸ்டர் அட்டையால் கேக்கோ புத்தகமோ வாங்கி நேரே அங்கே இறக்கச் சொல்வது மலிவு. அட்டை நிறுவனம் நாணய மாற்றுக்கு இரண்டிலிருந்து மூன்றரை சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் எடுக்கும், அவ்வளவுதான். பரிசு அட்டை வாங்குவதானால் அந்த நாட்டுத் தளத்தில் வாங்குங்கள். அமேசான் இந்தியாவில் வாங்கிய பரிசு அட்டை துபாய்த் தளத்தில் செல்லாது. புது அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும், செயலியில் திறந்துவிட்டு வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். வெளிநாட்டுத் தளங்கள் பல ஓடிபி கேட்காமலே பணத்தை எடுக்கும். 'ரூபாயிலேயே கட்டலாமா?' என்று தளம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், அவர்கள் போடும் ரூபாய் விலை பெரும்பாலும் மோசமாக இருக்கும்.

இப்போது உறவு. நமக்கு மாமா, அத்தை, சித்தப்பா எல்லாம் ஒரே ரத்தம். சட்டத்துக்கு அப்படி இல்லை. போதாக்குறைக்கு இரண்டு சட்டம் இரண்டு பட்டியல் வைத்திருக்கின்றன.

அந்நியச் செலாவணி விதிகள் உறவினர் யார் என்பதற்கு 2013 கம்பெனிகள் சட்டத்தைக் கைகாட்டுகின்றன. அதில் வருவோர்: கணவன் அல்லது மனைவி, அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தோர், இந்துக் கூட்டுக் குடும்பத்தின் உறுப்பினர்கள். அக்கா மகன் இதில் இல்லை. மச்சினனும் இல்லை. எனவே தாய்மாமன் தன் அக்கா மகனின் என்ஆர்ஓ கணக்கில் ரூபாய்ப் பரிசு போட வழியில்லை. 'உறவினர் பராமரிப்பு' என்று எழுதியும் அனுப்ப முடியாது. ஆனால் எல்ஆர்எஸ்ஸில் 'பரிசு' என்று வெளிநாட்டு நாணயமாக அனுப்பலாம். அதற்கு உறவே தேவையில்லை, நண்பருக்கும் அனுப்பலாம். துபாய்க் கல்யாணத்துக்கான செய்முறை இந்த வழியில்தான் போக வேண்டும்.

வருமான வரிச் சட்டத்தின் பட்டியல் அகலமானது, ஆனால் ஒருவழிப் பாதை. வெளிநாட்டில் குடியிருப்பவர் இந்தியாவிலிருந்து பெறும் பரிசு, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத்தொகையும் இங்கே அவருடைய வருமானமாகக் கருதப்படும். 2019 ஜூலை 5 முதல் இந்த நிலை. உறவினரிடமிருந்து வந்தால் வரம்பே இல்லை. இந்த உறவுப் பட்டியல் பெறுபவரை நடுவில் வைத்துப் பார்க்கும்: அவருடைய பெற்றோரின் உடன்பிறந்தோர், அதாவது தாய்மாமன், சித்தி, அத்தை, பெரியப்பா எல்லோரும் உள்ளே, அவர்களுடைய கணவன் மனைவியரும் உள்ளே. ஆக மதுரை மாமா துபாயிலுள்ள அக்கா மகனுக்கு எவ்வளவு கொடுத்தாலும் வரியில்லை. அதையே திருப்பிப் போடுங்கள்: மதுரையில் இருக்கும் அக்கா மகன் மலேசியாவில் இருக்கும் தாய்மாமனுக்கு 60,000 அனுப்பினால், மாமாவின் பார்வையில் அக்கா மகன் பட்டியலில் இல்லை. முழு 60,000-மும் வரிக்கணக்கில் சேரும். பெரியப்பா மகன், அத்தை மகள் போன்றவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வெளியேதான்.

ஒரு விலக்கு உண்டு. பெறுபவரின் சொந்தக் கல்யாணத்தையொட்டி வரும் பரிசுக்கு, யார் கொடுத்தாலும் எவ்வளவு கொடுத்தாலும், வரியில்லை. நம் பக்கத்தில் மொய் எழுதும் மற்ற விசேஷங்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது. காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, புதுமனை புகுவிழா எதுவும் இதில் சேராது. கல்யாண மொய் என்றால் பத்திரிகையின் ஒரு பிரதியை அனுப்பிய ரசீதோடு சேர்த்து வைத்துவிடுங்கள், வேறு அத்தாட்சி தேட வேண்டியதில்லை. இன்னொன்று: மொய் இங்கே திரும்ப வர வேண்டிய பணம் என்பது ஊரறிந்தது. அதற்காகப் படிவத்தில் 'கடன்' என்று எழுதிவிடாதீர்கள். கடனுக்கு விதி வேறு, குறியீடு வேறு.

படிவத்துக்கு வருவோம். ஏ2 என்று பெயர், எல்ஆர்எஸ் உறுதிமொழியும் அதனுடனேயே இருக்கும். நோக்கக் குறியீட்டில் பரிசுக்கு எஸ்1302, உறவினர் பராமரிப்புக்கு எஸ்1301, படிப்புச் செலவுக்கு எஸ்0305. லண்டனில் படிக்கும் பையனுக்குப் பொங்கல் காசு அனுப்பும்போது கல்விக் குறியீடு போட்டால் வங்கி கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் கேட்கும். பரிசு என்று போட்டால் கேட்காது. எது உண்மையோ அதைப் போடுவதுதான் வசதியும்.

எல்லாக் கிளையிலும் அந்நியச் செலாவணிப் பிரிவு கிடையாது. வாடிப்பட்டியிலோ திருமங்கலத்திலோ கொடுத்த படிவம் மதுரையிலுள்ள பெரிய கிளைக்கோ சென்னைக்கோ போய்த்தான் நகரும், ஒரு நாள் கூடும். முதல் தடவை கிளைக்குப் போய்ப் பெறுபவரைப் பதிவு செய்துவிட்டால் அடுத்த தடவை செயலியிலேயே முடியும்.

பெறுபவரின் வங்கி விவரம் நாட்டுக்கு நாடு வேறு. எங்கும் பொதுவானது வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு, எட்டு அல்லது பதினோரு எழுத்து. வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் ஐபான் என்னும் சர்வதேசக் கணக்கு எண் தேவை. எழுத்துகளை எண்ணிப் பார்ப்பது நல்ல சோதனை: ஐக்கிய அமீரகம் 23, சவூதி 24, கத்தார் 29, குவைத் 30, பஹ்ரைன் 22, பிரிட்டன் 22. ஒன்று குறைந்தாலும் கூடினாலும் எங்கேயோ விட்டிருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடாவுக்கு ஐபான் கிடையாது. ஆஸ்திரேலியாவுக்கு வங்கிக் கிளையைக் காட்டும் ஆறு இலக்க பிஎஸ்பி எண் வேண்டும். அமெரிக்காவுக்கு ஒன்பது இலக்க ரூட்டிங் எண். அங்கே பல வங்கிகளில் காசோலையில் அச்சிட்ட ரூட்டிங் எண்ணும் வயர் மூலம் வரும் பணத்துக்கான எண்ணும் வெவ்வேறு, அதனால் 'வயருக்கான எண்' என்று சொல்லியே கேளுங்கள். வளைகுடாவில் கூலி வேலைக்குப் போனவர்களிடம் சம்பள அட்டை மட்டும் இருக்கும். பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஐபான் உள்ள கணக்கு இருக்காது, வெளிநாட்டுப் பணம் அதில் ஏறாது.

திரும்பி வரும் பணத்தில் பெரும்பகுதி பெயரால்தான் திரும்புகிறது. நம் பெயர் முறை அப்படி. ஊரில் மு. கருப்பசாமி. பாஸ்போர்ட்டில் கருப்பசாமி முத்தையா. அந்த ஊர் வங்கியில் முத்தையா கருப்பசாமி. சிங்கப்பூரில் பிறந்தவரானால் நடுவில் எஸ்/ஓ அல்லது டி/ஓ, மலேசியாவில் ஏ/எல் அல்லது ஏ/பி. வங்கிக்குத் தெரிந்தது அதன் ஏட்டில் உள்ள பெயர் மட்டுமே. ஆகவே அங்குள்ளவர் தன் வங்கிச் செயலியைத் திறந்து பெயரும் எண்ணும் தெரியும் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பட்டும், அதில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். இனிஷியலை விரிக்கவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். மலேசிய, சிங்கப்பூர்ப் பெயர்களில் மாற்றுப் பெயரைச் சேர்க்க வரும் அட் குறியை (@) வங்கிப் படிவம் ஏற்காவிட்டால் அந்த இடத்தில் ஓர் இடைவெளி விடுங்கள். படிவத்தில் ஒரு வரிக்கு இத்தனை எழுத்துதான் என்று அளவு இருந்தால், நீளப் பெயரின் வால் துண்டாகிவிடாமல் அடுத்த வரிக்கு இறக்கச் சொல்ல வேண்டும். முகவரியில் தபால் பெட்டி எண் மட்டும் போதாது, நகரமும் நாடும் வேண்டும்.

கணக்கு எண் வாட்ஸப்பில் வந்தால், அனுப்பும் முன் ஒரு தடவை பேசிச் சரிபாருங்கள். "பழைய கணக்கு மூடிவிட்டது, இதில் போடுங்கள்" என்று மகன் பெயரில் வரும் செய்தி மகனிடமிருந்து வந்தது என்பதற்கு அவன் குரலைத் தவிர வேறு சாட்சி இல்லை.

சின்னத் தொகைக்கு எல்லோரும் கையாளும் சுலப வழி ஒன்றிருக்கிறது, அதைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். "அங்கே நான் உங்கள் பையனுக்கு ரியால் கொடுத்துவிடுகிறேன், இங்கே நீங்கள் என் வீட்டில் ரூபாயைக் கொடுத்துவிடுங்கள்." ஒரே ஊர்க்காரர்கள், கட்டணமில்லை, ஐந்து நிமிஷ வேலை. ஆனால் வெளிநாட்டில் ஒருவர் கொடுப்பதற்கு ஈடாக இங்கே ரூபாய் கொடுப்பது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு தடுத்திருப்பது. உண்டியல் என்று சொல்லும் தொழிலும் இதன் பெரிய உருவம்தான். தண்டம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை போகலாம். ஐயாயிரத்துக்கு யார் வந்து பிடிக்கப் போகிறார்கள் என்பது நியாயமான சந்தேகம். நடைமுறையில் உண்மையான ஆபத்து வேறு. ரூபாயை யாரோ ஒரு மூன்றாம் ஆள் கணக்கில் போடச் சொல்வார்கள், அல்லது முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் கணக்கில் போடுவார். அந்தப் பணம் எங்கோ நடந்த இணைய மோசடிப் பணமாக இருந்தால் சைபர் குற்றப் பிரிவு அந்தச் சங்கிலியில் உள்ள கணக்குகளை முடக்கும். வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு மேலூரிலிருந்து அலைந்து அதை விடுவிப்பது ஐயாயிரம் ரூபாய் வேலை இல்லை.

போகிறவர் கையில் கொடுத்தனுப்புவது இதைவிடப் பரவாயில்லை, ஆனால் அளவு தெரிந்திருக்க வேண்டும். நேபாளம், பூடான் தவிர மற்ற நாடுகளுக்குப் போகிறவர் கையில் இந்திய ரூபாய் 25,000 வரைதான் இருக்கலாம். வெளிநாட்டு நோட்டாகப் பொதுவாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை. அதுவும் அவருடைய பயணச் செலவுக்கென்று அவர் பெயரில் வாங்கியது.

டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி, பற்றிப் பயப்பட வேண்டியதில்லை, ஒரு சூழ்நிலை தவிர. ஒருவரின் பான் எண்ணில் நிதியாண்டு முழுக்க எல்லா வங்கியிலும் சேர்த்து 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் இல்லை. 2025 ஏப்ரலுக்கு முன் இது 7 லட்சமாக இருந்தது. தாண்டினால் பரிசுக்கு 20 சதவீதம், படிப்புக்கு அதைவிட மிகக் குறைவு. இரண்டுக்கும் வரம்பு ஒன்றே. லண்டன் கல்லூரிக்கு 12 லட்சம் கட்டிவிட்டு, பிறகு தைப்பொங்கலுக்கு ஒரு லட்சம் பரிசு அனுப்புகிற அப்பாவிடம் அந்த ஒரு லட்சத்துக்கு 20,000 பிடிப்பார்கள். அதே பரிசை ஏப்ரலிலேயே அனுப்பிவிட்டு அப்புறம் கட்டணம் கட்டியிருந்தால் பரிசு வரம்புக்குள் போயிருக்கும், தாண்டுவது குறைந்த விகிதமுள்ள படிப்புச் செலவாக இருந்திருக்கும். அல்லது பரிசை அம்மா தன் பான் எண்ணில், தன் கணக்கில் உள்ள தன் பணத்திலிருந்து அனுப்பலாம். பிடித்த தொகை வரிக்கணக்கில் திரும்பக் கிடைக்கும்தான். வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாத ஓய்வூதியர்கள் அதற்காகவே தாக்கல் செய்ய வேண்டிவரும்.

எப்போது அனுப்புவது? விசேஷத்துக்கு ஐந்து வேலை நாள் முன்னால். 'வேலை நாள்' என்பது இங்கும் அங்கும் நடுவங்கி இருக்கும் நாட்டிலும் சேர்த்து. அமீரகத்தில் 2022 முதல் வாரவிடுமுறை சனி, ஞாயிறு. சவூதி, கத்தார், குவைத்தில் வெள்ளி, சனி. வியாழன் மதியம் மதுரையில் கொடுத்தால் ரியாத்தில் ஞாயிறுக்கு முன் யாரும் தொடமாட்டார்கள், ஞாயிறு இங்கே யாரும் இருக்கமாட்டார்கள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமையை மறக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. ஆனால் அது செலாவணி முறிச் சட்டத்தின்படியான விடுமுறை அல்ல என்று ஆட்சியர் அறிவிப்பிலேயே வழக்கமாக இருக்கும். வங்கி திறந்திருக்கும், கூட்டத்தைத் தாண்டிக் கிளைக்குப் போய்ச் சேர்வதுதான் பாடு.

ஐந்து நாளாகியும் ஏறவில்லை என்றால் "அனுப்பிவிட்டோம்" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். வங்கி அனுப்பிய ஸ்விஃப்ட் செய்தியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் யுஇடிஆர் என்று இடைக்கோடுகளோடு சேர்த்து 36 எழுத்து நீளத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை அங்குள்ளவர் தன் வங்கியில் காட்டினால் பணம் எந்த வங்கியில், எதற்காக நிற்கிறது என்று அவர்களால் பார்க்க முடியும். பெயர்ப் பிழையாக இருந்தால், திருப்பி அழைப்பதற்குப் பதில் உங்கள் வங்கி திருத்தச் செய்தி ஒன்று அனுப்பினாலே போதும். அதற்கும் ஒரு சிறு கட்டணம் உண்டு. திருப்பி அழைத்தால் வழிச்செலவு போக மிஞ்சிய டாலரை, வாங்கும் விலையில் ரூபாயாக்கித்தான் உங்கள் கணக்கில் போடுவார்கள். போகும்போது 92-க்கு வாங்கிய டாலர் வரும்போது 88-க்கோ 89-க்கோதான் எடுபடும். 100 டாலர் பரிசு இப்படிப் போய்வந்தால் முக்கால்வாசி தேறினாலே பெரிது. அதனால் திருத்த முடிகிற பிழையைத் திருத்தச் சொல்லுங்கள், கிளையில் 'ரீகால்' படிவத்தை நீட்டினால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.